சாப்பாட்டைக் குறைப்பதா, நடப்பதா?

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, பகல் சாப்பாட்டையும் பாதியாக்கி, மூன்று மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எந்நேரமும் அசதி. அடுத்த ஒரு வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. போன வருடம் சாப்பாட்டில் கை வைக்காமல், வாரத்தில் ஆறு நாள், தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன். நான்கு மாதத்தில் ஒன்றரை கிலோதான் குறைந்தது. வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். இப்போது மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். தூக்கம் ஐந்து மணி நேரம்தான். “எல்லாம் சாப்பாட்டில்தான் இருக்கிறது” என்கிறாள் தங்கை. “உடம்பை அசைக்காமல் ஒன்றும் நடக்காது” என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? இல்லை, என் உடல்வாகே இப்படித்தானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தைராய்டு பரிசோதனை செய்து பல வருடங்கள் ஆகியிருந்தால் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். மற்றபடி உங்கள் உடல்வாகில் குறை இருப்பதாக இந்தக் கடிதத்தில் எனக்கு எதுவும் தென்படவில்லை. மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கிக் காட்டிய உடம்பு அது. உணவு ஆலோசகராக இருபது வருடமாக இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள், நான்கு மாதம் விடாமல் நடந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் உழைத்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. சாப்பாட்டைக் குறைத்தபோது நடக்கவில்லை, நடந்தபோது சாப்பாட்டைக் கவனிக்கவில்லை.

தங்கை, கணவர் இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இருவரும் பேசுவது வேறு வேறு வேலைகளைப் பற்றி, அவ்வளவுதான். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில் நடக்கிறது. இறங்கியது கொழுப்பா, தசையா? இறங்கிய எடை அங்கேயே நிற்குமா? இந்த இரண்டையும் முடிவு செய்வதில் உடற்பயிற்சிக்குத்தான் பெரிய பங்கு. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

நடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்கள் மனதை அதிகம் நோகடித்தது அதுதான் என்பதால். 78 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதைவிட ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 1,200. நான்கு மாதத்துக்கு, அதாவது 17 வாரத்துக்கு, சுமார் 20,000. ஒரு கிலோ உடல் கொழுப்பில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வகுத்துப் பாருங்கள், இரண்டரை கிலோ சொச்சம் வருகிறது. வேறு எதுவுமே மாறாமல் இருந்திருந்தாலும் அவ்வளவுதான் குறைந்திருக்கும். உங்களுக்கு ஒன்றரை குறைந்தது. மீதி ஒரு கிலோவை உடம்பு சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டது. நடந்துவிட்டு வந்த பசியில் ஒரு கை கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். “காலையிலேயே நடந்துவிட்டேனே” என்று மீதி நாளில் கொஞ்சம் குறைவாக அசைந்திருப்பீர்கள். எல்லோருக்கும் நடப்பதுதான் இது.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற, எடை கூடுதலான 439 பெண்களைக் கொண்டு ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக 2.4 சதவீதம் எடை குறைந்தது. உணவை மட்டும் மாற்றியவர்களுக்கு 8.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 10.8 சதவீதம். உங்கள் ஒன்றரை கிலோ என்பது உங்கள் எடையில் கிட்டத்தட்ட 2 சதவீதம். ஒரு வருடம் பயிற்சி செய்த அந்தப் பெண்கள் கண்டதை நான்கே மாதத்தில் நெருங்கிவிட்டீர்கள். உங்கள் நடை தோற்கவில்லை. அதனால் முடியாத ஒன்றை அதனிடம் கேட்டுவிட்டீர்கள்.

இதைப் படித்தால் உங்கள் தங்கை கேட்கலாம்: எட்டரைக்கும் பத்தே முக்காலுக்கும் அப்படி என்ன வித்தியாசம், அதற்காகவா மூச்சு வாங்க நடக்க வேண்டும் என்று. நியாயமான கேள்வி. எடை மெஷினை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கிட்டத்தட்டப் பட்டினி கிடந்து 14 கிலோ குறைத்திருந்தார். முகத்தில் பெருமை இருந்தது. பேசி முடித்துக் கிளம்பும்போது நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் கையை ஊன்றி, உடம்பை முன்னால் தள்ளி, பாதி எழுந்து, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகுதான் நிமிர்ந்தார். “முன்னே இருந்ததைவிட இப்போதுதான் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறது” என்றார். அவர் உடம்பிலிருந்து கொழுப்பு மட்டும் போகவில்லை, தொடைத் தசையும் சேர்ந்து போயிருந்தது.

பயிற்சி இல்லாமல் வெறும் பட்டினியால் குறைக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசு. உங்கள் 9 கிலோவில் இரண்டு கிலோவுக்கு மேல் அப்படிப் போயிருக்கும். திரும்ப ஏறிய 11 கிலோவில் பெரும்பகுதி கொழுப்புதான். அதாவது அந்தச் சுற்று முடிந்தபோது எடை இரண்டு கிலோ கூடியதோடு நிற்கவில்லை, அந்த எடையைத் தூக்கி நடக்க வேண்டிய தசையும் குறைந்துபோனது. இன்றைய முழங்கால் வலியில் இதற்கும் பங்கு இருக்கலாம். முடி கொட்டியதும் அந்தப் பட்டினியின் விளைவாகவே இருக்க வேண்டும். கலோரியும் புரதமும் திடீரென்று வெட்டப்பட்டால் நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அது உதிர்வாக வெளியே தெரியும்.

65 வயதைத் தாண்டிய, பருமனான 107 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. உணவு மட்டும் மாற்றிய குழுவுக்கு 10 சதவீதம் எடை குறைந்தது, உணவும் பயிற்சியும் சேர்த்த குழுவுக்கு 9 சதவீதம். கிட்டத்தட்டச் சமம். ஆனால் கொழுப்பல்லாத திசு முதல் குழுவில் 5 சதவீதம் போனது, இரண்டாவதில் 3 சதவீதம். எழுவது, நடப்பது, படியேறுவது போன்றவற்றை அளக்கும் சோதனையில் முதல் குழு 12 சதவீதம் முன்னேறியது, இரண்டாவது 21 சதவீதம். தங்கைக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, இனி என்ன செய்யலாம்?

முதலில் அந்த 55 கிலோ, 60 கிலோ என்ற எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் அப்படி ஓர் எண் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்தில் 4 முதல் 5 கிலோ போதும். குறைவாகத் தோன்றுகிறதா? உங்களைப் போலவே சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு, உணவை மாற்றி 7 சதவீத எடையைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. ஏறத்தாழ மூன்று வருடத்தில் அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம்தான். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. முழங்காலுக்கும் இது நல்ல செய்தி: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடுவதை எழுதி மட்டும் வையுங்கள். வாயில் வைத்த உடனே எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதினால் பாதி விட்டுப்போகும். ருசி பார்க்க எடுத்த ஒரு வாய், பிள்ளைகள் தட்டில் மீந்தது, வேலைக்கு நடுவே குடித்த இனிப்பான பானம் எல்லாம் அதில் வர வேண்டும். இதோடு எண்ணெயையும் அளங்கள். பாட்டிலைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றுவோம் இல்லையா, அதற்குப் பதில் ஊற்றுவதைக் கிண்ணத்தில் ஊற்றி, அங்கிருந்து மேசைக்கரண்டியால் எண்ணி எண்ணி வாணலிக்கு மாற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 120 கலோரி. உங்கள் பங்குக்கு ஒரு நாளில் இரண்டு கரண்டி கூடுதலாகப் போயிருந்தால் 240 கலோரி. நீங்கள் ஒரு மணி நேரம் நடந்து செலவழித்ததைவிட அது அதிகம். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொன்னது தெரியவந்தது. அவர்கள் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ருசி பார்த்ததும், ஊற்றிய எண்ணெயும், நடுவில் கொறித்ததும் யார் நினைவிலும் தங்குவதில்லை.

எழுதி முடித்ததும் ஒரு நாளுக்கு 300, 350 கலோரி மட்டும் குறைக்கப் பாருங்கள். எழுதிய தாளே எங்கே என்று சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை போட்ட பானங்கள், எண்ணெய், வேலை முடிந்து வந்த களைப்பில் கொறிப்பது ஆகிய மூன்றிலேயே அது வந்துவிடும். எந்த வேளைச் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானிய உணவு, கால் பங்கு புரதம் இருக்கட்டும். நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது அந்தப் புரதத்தைத்தான். ஒரு நாளைக்கு 80 கிராமுக்குக் குறையாமல் போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20 முதல் 30 கிராம் வரை, வேகவைத்த பயறு ஒரு கிண்ணத்தில் 15 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிடுங்கள். பசி அடங்கும், தசையும் காப்பாற்றப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

உடற்பயிற்சியில் நடையைத் திரும்ப ஆரம்பியுங்கள், ஆனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். முழங்கால் வலிக்கும்போது அது சரிப்படாது. ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் சமதரையில் நடங்கள். சாப்பிட்டதும் ஏறும் ரத்தச் சர்க்கரையை அந்தச் சிறு நடை நன்றாகவே தணிக்கும். ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிட்டது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அவ்வளவு இருந்தால் போதும்.

நீங்கள் இதுவரை செய்யாதது தசைக்கான பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு நாள் விட்டுச் செய்ய வேண்டும். ஜிம்முக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். விளிம்புப் பக்கம் உட்காருங்கள். பாதங்களை இடுப்பு அகலத்தில் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, உடம்பை லேசாக முன்னே சாய்த்து எழுந்திருங்கள். குதிகாலை அழுத்தி எழ வேண்டும், முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது. உட்காரும்போது ‘பொத்’தென்று விழாமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தசைக்கு நல்ல வேலை இறங்கும்போதுதான். எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் இளைப்பாறி, திரும்ப எட்டு முறை. முழங்கால் வலித்தால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை சுலபமாக வந்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால், புத்தகங்கள் நிரப்பிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கூடவே சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, அந்தப் புத்தகப் பையைக் குனிந்து இடுப்பு வரை இழுப்பது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு.

வயிற்றுக்கென்று தனியாகப் பயிற்சி கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். வயிற்றுத் தசைக்கு அது நல்லது, வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது.

தூக்கத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. 2010இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் தூங்க வாய்ப்பளித்தார்கள். குறைந்த எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் கொழுப்பு கரைந்தது 55 சதவீதம் குறைவு; அதற்குப் பதிலாகத் தசை முதலான திசுக்கள் போயின. பசியும் கூடியது. பத்தே பேர் ஆய்வு என்பதால் அதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் ஐந்து மணி நேரத்தை ஆறரையாக்க ஏதாவது வழி உண்டா என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். வீட்டு வேலையில் எதை வேறு யார் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும். “உடம்பை அசைக்க வேண்டும்” என்று சொல்லும் கணவர் இதில் உங்களுக்கு உதவலாம். குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடை மெஷினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ சட்டென்று இறங்கலாம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இருப்பு குறையும்போது தண்ணீரும் வெளியேறும். அதைப் பார்த்துத் துள்ள வேண்டாம். அதேபோல, தசைப் பயிற்சி ஆரம்பித்த புதிதில் வலியெடுத்த தசை நீரைப் பிடித்துக்கொள்ளும், எடை ஒரு கிலோ ஏறிக்கூட காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். அழ வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் காலையில் பார்த்துச் சராசரி எடுங்கள், மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். எடை அசையாத மாதத்தில் அந்த டேப் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக் காட்டினால் கொழுப்பு போகிறது என்று அர்த்தம்.

நாலைந்து மாதத்தில் எடை நின்றுபோகும் ஒரு கட்டம் வரும். வந்தே தீரும். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு, பசியோ அதிகம். ஒரு கிலோ குறைந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான்கு கிலோ குறைத்தவருக்கு 400 கலோரிப் பசி! மூன்று வருடங்களுக்கு முன் உங்களைத் தோற்கடித்தது மன உறுதிக் குறைவு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 9 கிலோ இழந்த உடம்பின் பசியோடு தனியாக மல்லுக்கட்டினீர்கள், கையில் நடையும் இல்லை, புரதமும் இல்லை. இந்த முறை அந்தக் கட்டம் வரும்போது சாப்பாட்டை மேலும் வெட்டாதீர்கள். தாளை எடுத்துத் திரும்ப ஒரு வாரம் எழுதுங்கள், நடையைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். குறைந்த எடையைப் பிடித்து வைத்திருக்கும் காலத்தில்தான் நடைக்கு மதிப்பு அதிகம். எடையைக் குறைத்து, குறைத்தபடியே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் உடற்பயிற்சியை விடாதவர்கள்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ரத்த அழுத்தமும் முழங்காலும் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முழங்கால் வீங்கினாலும் காத்திருக்க வேண்டாம். பிற்பாடு எப்போதாவது சர்க்கரைக்கு மருந்து ஆரம்பித்தால், இப்படிச் சாப்பிட்டு நடப்பதை டாக்டருக்குச் சொல்லி வையுங்கள். எடை குறையக் குறைய மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எடை எவ்வளவு என்பதைக் கடைசியில் எழுதினால் போதும். டேப் என்ன சொல்கிறது, இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கையை ஊன்றாமல் அந்த நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதை முதலில் எழுதுங்கள்.